வாய்விலை

பிப்ரவரி 3, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. மார்கழியில் தொடங்கியது, தை முடியப் போகிறது, இன்னும் ஊளை. காலையில் தென்னை மட்டை மூன்று. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. தொட்டி தப்பியது.

இது தீவனக் கம்பெனிக்காரர் கொடுத்த போன வருசத்து டைரி. கிழமை பொருந்தவில்லை. அடித்துவிட்டு மேலே எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் என் எழுத்து மகன் செல்வராசு எழுத்தைவிடத் திருத்தம். அவன் பன்னிரண்டு படித்தவன்.

இன்று:
மாட்டுக்குப் பூச்சி மருந்து.
கொள்ளு காய வைக்க.
ரேஷன் (கார்டு செல்வராசு பையில்).
கண்ணாடிக்குத் திருகு.

கொள்ளு மட்டும் ஆயிற்று.

சாயங்கால பஸ்ஸில் பேத்தி சுகந்தி வந்தாள். செல்வராசுவின் ஒரே மகள். இங்கிலீசில் எம்.ஏ. முடித்துவிட்டுப் பாலக்காட்டில் ஆராய்ச்சி செய்கிறாள். நானூறு வருடத்துக்கு முந்திய லண்டன் நாடகங்கள். அதில் வியாபாரிகளை எப்படிக் காட்டினார்கள் என்று பார்க்கிறாளாம். சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், அதைப் படிச்சு என்ன பண்றதுங்க என்று. நீங்கள் படிக்காமல் என்ன பண்ணினீர்கள் என்று திருப்பிக் கேட்டுவிடுவேன். எங்கள் வகையறாவில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிற முதல் ஆள் அவள்.

வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்னே சொன்னாள். அவளே ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள். பத்தொன்பதாம் தேதி கல்லூரியில் போடுகிறார்கள். நம் பேச்சிலேயே. பெயர் ‘வாய்விலை’.

“யாரைப் பத்தி?”

“உன்னப் பத்தித்தான் அப்பத்தா.”

வாய்விலை என்பது நான்தான். எங்கள் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. தோளில் கிடக்கிற துண்டால் கையை மூடிக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரல், எத்தனை விரல், அதில் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பொம்பளைக் கையை யார் பிடிப்பது? வீட்டுக்காரர் போன பிறகு சந்தைக்குப் போன நான், விலையை எல்லோர் காதிலும் விழக் கத்திச் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேல். என் பெயரை மறந்தவர்கள் உண்டு. வாய்விலைக்காரி என்றால் செக்போஸ்ட் வரைக்கும் தெரியும்.

இரவு சோளச்சோறு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

காற்று. கண்ணாடித் திருகு கிடைக்கவில்லை, நூல் கட்டியிருக்கிறேன்.

சுகந்தி லண்டன் கதை சொன்னாள். நான் கொள்ளு புடைத்துக்கொண்டே கேட்டேன். மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்.

அப்போது அந்த ஊர் திடீரென்று பெருத்துவிட்டது. நிலத்தை விற்றுவிட்டு ஆட்கள் வந்து குவிந்தார்கள்.
ஒரே கட்டடத்துக்குள் வரிசையாகக் கடை. பெண்கள் கடையில் உட்கார்ந்து விற்றார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவள் சிரிப்பும் சரக்குதான் என்று எழுதினார்கள்.
துணிக்கடைக்காரன் கடையை இருட்டாக வைத்திருப்பான் என்று நாடகத்துக்கு நாடகம் கேலி. வெளிச்சத்தில் நெசவுக் குறை தெரிந்துவிடுமாம்.
பெண்கள் மேடை ஏறக் கூடாது. மீசை முளைக்காத பையன்கள்தான் பொம்பளை வேசம். நம் கூத்து மாதிரி.
ஊர்ப் பெரியவர்களுக்கு நாடகம் பிடிக்காது. அதனால் பல கொட்டகைகள் ஆற்றுக்கு அக்கரையில், அவர்கள் அதிகாரம் செல்லாத இடத்தில்.

கடைசியில் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். நம் சந்தையும் அப்படித்தானே. இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஒரு பக்கம் கெடுபிடி என்றால் மாடு மறுபக்கம் போய் நிற்கும்.

“கேலி பண்ற நாடகத்த யாரு காசு குடுத்துப் பாத்தாங்க?”

“அந்தக் கடைக்காரங்களுந்தான் அப்பத்தா.”

காசு கொடுத்து, கூட்டத்தோடு உட்கார்ந்து, தன்னையே கிண்டல் செய்வதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். இதை நினைத்துக்கொண்டே இருந்தேன். புடைத்த கொள்ளில் கல் தங்கிவிட்டது.

“அப்ப வியாபாரின்னாலே திருடந்தானா அவுங்களுக்கு?”

“ரெண்டு மாதிரி நாடகம் இருக்குது. ஒண்ணுல வியாபாரி திருடன். இன்னொண்ணுல வியாபாரி சாமி. ஒண்ணுமில்லாம வந்து, நேர்மையா இருந்து, ஊருக்கே தலைவனாயிருவான். அதுக்குக் கைதட்டு பறக்கும்.”

“நெசமான வியாபாரி எதுல வருவான்?”

முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கினாள். “அதத்தான் தேடிட்டு இருக்கறேன். என்ற நாடகத்துல வருவா” என்றாள். வருவா என்று சொன்னது என் காதில் விழுந்தது.

பிப்ரவரி 7, சனி

நாடகக் கூட்டம் வீட்டுக்கு வந்தது. ஆறு பேர். இரண்டு பைக், ஒரு ஸ்கூட்டர். மோர் ஒரு குடம் காலி.

என் வேசம் போடுகிறவன் அனூப். பாலக்காட்டு மலையாளிப் பையன், நல்ல உயரம். லண்டன் வழக்கப்படி ஆண்தான் போட வேண்டும் என்று சுகந்தி முடிவு செய்திருக்கிறாள். மீசையை மட்டும் எடுக்க மாட்டானாம். காதலிக்கும் பெண் சம்மதிக்கவில்லையாம். “மீசை வச்ச வாய்விலைக்காரிய நான் எங்கயும் பாத்ததில்லையே” என்றேன். வெட்கப்பட்டான். பழைய பச்சைச் சேலை ஒன்று கொடுத்தேன்.

“அம்மே, என் தமிழ் கொள்ளாமோ?”

“கொள்ளாம், கொள்ளாம்”, நன்றாகவே இருக்கிறது என்றேன்.

வாசலில் ஒத்திகை. செல்வராசு தீவனக் கடையைச் சாத்திவிட்டு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தான். சந்தைக் காட்சி. தரகர் காளியண்ணனாக வருகிறவன் அனூப்பின் கையைப் பிடித்து இழுத்துத் துண்டை மூடுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அனூப் துண்டைப் பிடுங்கி வீசுகிறான். “என்ற மாட்டுக்கு வெல என்ற வாயில இருக்குது! கையில இல்ல! கேட்டுக்குங்க!” என்று கத்துகிறான். காளியண்ணன் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிறான்.

செல்வராசுவுக்கு அந்த வசனம் முன்பே தெரிந்த மாதிரி வாய் அசைந்தது. தெரியாமலா? அவனை இந்தக் கதை சொல்லித்தான் தூங்க வைத்தேன். எழுந்து நின்று கைதட்டினான். “என்ற அம்மா அப்படித்தானுங்க. சந்தையே ஆடிப்போச்சு” என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னான்.

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளே வேலை இருந்தது. பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனேன். அடுப்பில் பாலே இல்லை.

டைரியை யார் பார்க்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

நான் அன்று கத்தவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காற்று குறைவு. கிடாரிக் கன்றுக்குச் சளி. மஞ்சள் புகை போட்டேன்.

நடந்ததை ஒரு தடவையாவது ஒழுங்காக எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ஐப்பசியில் போனார். செல்வராசுவுக்கு அப்போது ஐந்து வயது. தை மாதம் உழவு எருது இரண்டையும் நானே ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். கூட வர ஆள் இல்லை. அங்கே பொம்பளைகள் தயிர் விற்றார்கள், கயிறு விற்றார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான் ஒருத்தி.

காளியண்ணன் வந்தார். அப்போது முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். பின்னால் நாலைந்து பேர்.

“ஏனுங்க அம்மிணி, யாருகிட்ட வெல பேசறது?”

“எங்கிட்டத்தான்.”

“அப்பக் கையக் குடுங்க.”

மற்றவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விற்கிறவர்கள் கை கொடுக்க வேண்டும், அதுதான் சந்தை முறை என்று நினைத்தேன். வீட்டுக்காரர் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதனால் நீட்டினேன். அவர் இழுக்கவில்லை. நான்தான் நீட்டினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

துண்டு மூடியது. விரலை அமுக்கினார். எந்த விரலுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாது. சும்மா நின்றேன். விலை பேசுகிற நேரம் முடிந்தது. கையை அவர் விடவில்லை. பின்னால் இருந்தவன் இருமினான், இன்னொருவன் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எருதின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணோரம் ஈ. வாலை வீசியது. நான் தலையை ஆட்டினேன். என்ன விலைக்கு ஆட்டினேன் என்றே தெரியாமல்.

நியாயமான விலைதான் கொடுத்தார். அது இன்னும் கஷ்டம். ஏமாற்றியிருந்தால் திட்டவாவது ஒன்று இருந்திருக்கும்.

நான் வீடு வந்து சேரும் முன்னே செய்தி வந்துவிட்டது. மாமியார் வாசற்படியில் வழியை அடைத்து நின்றார்.

“காளியண்ணன் உன்ற கையப் புடிச்சானாமே. நீ என்ன பண்ணுன?”

நாக்கு தானாகச் சொன்னது. “துண்டப் புடுங்கி எறிஞ்சு கத்திப்போட்டேனுங்க அத்தை.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “அப்படின்னாச் செரி” என்று விலகி வழி விட்டார்.

சும்மா நின்றேன் என்று சொல்லியிருந்தால் அந்தப் படியைத் தாண்டி மறுபடி சந்தைக்குப் போயிருக்க முடியாது. பிள்ளைக்கு என்ன போடுவது? மூன்று சந்தை கழித்துக் கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன். வேறொரு தரகர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அவர் பக்கத்தில் வரும் முன்னே விலையைக் கத்தினேன். அது நிஜம். அதற்குப் பிறகு கத்தியதெல்லாம் நிஜம். ஊர் இரண்டு நாளையும் ஒரே நாளாக்கிவிட்டது. அன்று கூட நின்று சிரித்தவர்களும் திருத்தவில்லை. நான் பிரித்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ரேஷன் வாங்கியாயிற்று. அரிசி சுமார்.

சுகந்தி காளியண்ணனைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆராய்ச்சிக்காக, துண்டு போட்டு விலை பேசுவதைப் பற்றிக் கேட்கப் போனாள். போனில் குரலைப் பதிவு செய்திருக்கிறாள். சமையலறையில் வைத்துப் போட்டுக் காட்டினாள். டீக்கடைச் சத்தம், லாரி ஹாரன். நடுவில் அந்தக் குரல். கிழடு தட்டிவிட்டது, ஆனாலும் தெரிகிறது.

சுகந்தியின் குரல்: “எங்க அப்பத்தா அன்னிக்கிக் கத்துனது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

 டம்ளர் வைக்கிற சத்தம். பிறகு: “ஆமாங் கண்ணு. கத்திப்போட்டாங்க. சந்தையே திரும்பிப் பாத்துது. நான் ஓடியே போயிட்டேன்.”

“பாத்தியா அப்பத்தா? அவரே சொல்றாரு! இது சாட்சி. அடிக்குறிப்புல போடறேன்.”

அந்தப் பதிவை வைத்து ஆராய்ச்சிக்கு முன்னுரையும் எழுதிவிட்டாளாம். புத்தகமாகக் கட்டி நூலகத்தில் வைப்பார்களாம். முதல் பக்கத்தில் என் பெயர். அந்த நாள். அந்தக் கத்தல். எங்கள் குடும்பத்தின் பெயர் இதுவரை அச்சில் வந்தது மின்சாரக் கட்டணச் சீட்டில்தான்.

எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. அதையும் எழுத வேண்டும். முதலில் வந்தது பெருமைதான். பிறகுதான் மற்றது.

அவர் ஏன் ஆமாம் என்றார்?

சோற்றை மூடி வைத்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

பிப்ரவரி 12, வியாழன்

தீவனக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டு ஜங்ஷனுக்குப் போனேன். டிபன் கேரியரைச் செல்வராசுவிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் டீக்கடை. காளியண்ணன் பெஞ்சில் இருந்தார். தோளில் துண்டு இல்லை. முழங்காலில் ஏதோ கட்டு.

“வாங்க அம்மிணி. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?”

“டீ வேண்டாமுங்க. எம் பேத்திகிட்ட என்ன சொன்னீங்க?”

“நீங்க ஊருக்கெல்லாம் சொன்னதத்தான்.”

“நான் கத்துலயே.”

டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். “ஆமாங்க. கத்துல.”

இத்தனை வருடத்தில் இந்த ஒரு வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் வெளியே சொன்னது இன்றுதான். டீக்கடைக்காரன் பால் ஆற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“அப்பறம் எதுக்குப் பொய் சொன்னீங்க?”

“இல்லீன்னு சொன்னா, அப்ப என்னதான் நடந்துதுன்னு அந்தப் புள்ள கேக்குமல்லங்க? நான் என்னத்தச் சொல்றது? வெல பேசி முடிச்சும் கைய உடுலன்னா?”

முழங்கால் கட்டை இறுக்கிக்கொண்டு மேலே சொன்னார்.

“என்ன நெம்ப நாளைக்குக் கேலி பண்ணுனாங்க. கண்ணாலத்துக்குப் போயிப் பந்தியில உக்காந்தாலும், ‘துண்ட பத்தரமா வெச்சுக்கய்யா, வாய்வெலக்காரி வந்திருக்குது’ன்னு சொல்லுவானுக. சிரிச்சுக்குவேன். நீங்க கத்துனீங்க, நான் ஓடுனேன். அப்படின்னா பண்ணுன தப்புக்கு அங்கயே அனுபவிச்சாச்சு, அதோட முடிஞ்சுது. கத்துலன்னா முடியலயே.”

பஸ் ஒன்று வந்து நின்று போனது.

“நீங்க நெசமாலுமே கத்தியிருந்தா எனக்கும் நல்லா இருந்திருக்குமுங்க” என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கொடுப்பதற்கு ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

டிபன் கேரியரைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

கன்றுக்குச் சளி தேவலை. மாரியம்மன் கோவிலுக்குப் போகவில்லை. கால் வலி என்றேன்.

யோசித்தது: சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அவரும் சொல்லமாட்டார். எனக்கும் வயதாயிற்று. கதை நல்ல கதை. அதைக் கேட்டு வளர்ந்த மகன் ஒருநாளும் எதற்கும் தலை குனிந்ததில்லை.

நஷ்டம் சுகந்திக்கு. நிஜமான வியாபாரியைத் தேடுகிறேன் என்றாள். என்னைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறாள்.

சந்தையில் ஒரு மாட்டுக்கும் நான் பல் கணக்கை, அதாவது வயதை, மாற்றிச் சொன்னதில்லை. ஆகாத சுழி இருந்தால் சுழி என்று சொல்லித்தான் விற்றேன். அந்தக் கர்வத்தில்தான் இத்தனை வருடம் நடந்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மத்தியானம். சுகந்தி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை. செல்வராசு வெளியே போயிருந்தான். இதில் எழுதியிருக்கிறபடியே சொன்னேன். கை நீட்டியது, தலை ஆட்டியது, மாமியாரிடம் சொன்னது, மூன்று சந்தை கழித்துக் கத்தியது, காளியண்ணன் டீக்கடையில் பேசியது. ஒன்றும் விடவில்லை.

கையைத் தவிட்டிலிருந்து எடுக்கவே இல்லை அவள்.

“நாடகம் வியாழக்கெழம அப்பத்தா.”

“தெரியும்.”

“ஆராய்ச்சியில மூணாவது அத்தியாயம் பூராவும் இதுதான். அந்த லண்டன் நாடகத்துல எல்லாம் வாயத் தொறந்த பொம்பளைகளக் கடைசியில அடக்கி உட்டுட்டாங்க, ஆனா நெசத்துல ஒருத்தி அடங்குலன்னு எழுதியிருக்கறேன்.”

“அடங்குல. மூணு சந்த கழிச்சுத்தான் அடங்குல.”

“அது வேற.”

“வேறதான்.”

மாடு தலையை நீட்டித் தவிட்டுப் பாத்திரத்தை முட்டியது. சுகந்தி அதைத் தள்ளினாள். கண்ணில் தண்ணீர். கோபமா வேறா, தெரியவில்லை.

“எத்தன தடவ கேட்டிருப்பேன்! சின்ன வயசுல இருந்து! ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க அப்பனும் மகளும் என்னச் சாமியாக்கி வெச்சுட்டீங்க. சாமி எறங்கி வந்து, நான் அப்படி இல்ல கண்ணுன்னு சொல்லுமா?”

“சாமியா ஆக்குனது நாங்க இல்ல. நீதான்.”



கையைக் கழுவினாள். பையை எடுத்தாள். நாலு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மாடு மீதித் தவிட்டைக் கொட்டிவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

சுகந்தி போன் செய்யவில்லை. நான் இரண்டு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

செல்வராசு வேன் பேசியிருக்கிறான். சொந்தத்தில் பதினான்கு பேர் வருகிறார்கள். எனக்குப் புதுச் சேலை, அரக்கு நிறம். “நீ முன்னால உக்காரோணும்மா. முடிஞ்ச ஒடனே மேடைக்குக் கூப்புடுவாங்க. நீ ஒரு சத்தம் போட்டுக் காட்டோணும், பழைய மாதிரி. காலேஜே அசந்து போகோணும்” என்றான்.

சொல்ல வாய் எடுத்தேன். அவன் சேலைப் பெட்டியைத் திறந்து விலைச்சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தான். முகத்தில் அவ்வளவு சந்தோசம். ஐந்து வயதுப் பிள்ளை முகம் அப்படியே. முடியவில்லை.

பிப்ரவரி 18, புதன்

காலை பத்து மணிக்குச் சுகந்தி போன்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கைய அவரு இழுத்தாரா, நீ குடுத்தியா?”

“நான் குடுத்தேன்.”

“எந்தக் கை?”

“வலது.”

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்

பகல் இரண்டு மணிக்கு நாடகம். வேனில் ஒரே சிரிப்பு, முறுக்கு, வெற்றிலை. நான் ஜன்னல் பக்கம். பாலக்காட்டில் புதுசு புதுசாகக் கட்டடம், முழுக்கக் கண்ணாடி. உள்ளே துணி மாட்டிய பொம்மைகள். அந்த லண்டன் இருட்டுக்கடை ஞாபகம் வந்தது. இங்கே அவ்வளவு வெளிச்சம், கண் கூசுகிறது. அதிலும் குறை தெரியாதுதான்.

கூடம் நிறைந்த கூட்டம். பாதிப் பேர் மலையாளப் பிள்ளைகள். முதல் வரிசையில் எங்கள் ஆட்கள். செல்வராசு என் வலப்பக்கம்.

அனூப் என் பச்சைச் சேலையில் வந்தான். மீசையோடு. கூடம் சிரித்தது. எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும்தான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். எருது இல்லை, கயிறு மட்டும். தரகன் வந்தான். “அப்பக் கையக் குடுங்க.”

அன்று வாசலில் பார்த்தது போல அவன் இழுக்கவில்லை. அனூப் தானே வலது கையை நீட்டினான். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் நீட்டுகிற மாதிரி. துண்டு மூடியது.

அப்படியே நின்றார்கள். மேடையில் இருந்த மற்ற தரகர்கள் சிரித்தார்கள். கூடமும் சிரித்தது. துண்டு விலகவில்லை. மேடைக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை கூடத்தில் பாதிப் பேர்தான். மூன்றாம் தடவை மேடையில் மட்டும் சிரிப்பு. பின்வரிசையில் யாரோ தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். அனூப் கீழே ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசை இருந்தது எனக்கு மறந்துவிட்டது.

சுகந்தி மேடை ஓரத் திரைக்குப் பக்கத்தில் நின்றாள். மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அனூப் தலையை ஆட்டினான். கயிற்றைக் கொடுத்தான்.

செல்வராசு என் பக்கம் சாய்ந்தான். “என்னம்மா இது, மாத்திப்போட்டாங்களா? இந்த எடத்துலதான கத்தோணும்?”

சத்தமாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொல்ல எனக்குப் பழக்கம் இல்லை. “இல்ல செல்வராசு. நான் அன்னிக்குக் கத்துல. சும்மா நின்னேன்.”

எங்கள் வரிசை முழுக்கத் திரும்பியது. பின்னாலிருந்து ஒரு பெண், ஆசிரியையாக இருக்கும், “சேச்சி, பதுக்கெ, பதுக்கெ” என்று தோளைத் தொட்டாள். மெதுவாகப் பேசச் சொன்னாள்.

செல்வராசு எழுந்தான். எல்லோர் முழங்காலையும் தாண்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நாடகம் இன்னும் பாதி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன். மாமியார் வந்தார், வாசற்படி வந்தது, பொய் வந்தது. மூன்று சந்தை கழித்துக் கத்தலும் வந்தது. அதற்குக் கூடம் எழுந்து நின்றது. மேடைக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று சுகந்தி சொல்லியிருப்பாள் போல. நல்லது.

வேனில் திரும்பும்போது யாரும் முறுக்கு எடுக்கவில்லை. செல்வராசு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான்.

பிப்ரவரி 20, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. மட்டை ஒன்றும் விழவில்லை.

சுகந்தி போனில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். முன்னுரையைக் கிழித்துவிட்டாளாம். மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டும், ஆறு மாதம் தள்ளிப்போகும். கடைசியில், ‘ஞாயித்துக்கெழம வாரேன், சோளச்சோறு’. பதில் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ‘சரி’ என்று எழுதினேன்.

செல்வராசு காலையில் எழுந்து வந்தான். காப்பி குடித்தான், டம்ளரைக் கழுவி வைத்தான். ஒருநாளும் கழுவ மாட்டான். கடைக்குப் போனான்.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான். கடை திறந்து கிடக்கிறது என்றேன். இருக்கட்டும் என்றான். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தான். வெங்காயம் ஒன்றை எடுத்தான். உரிக்கவில்லை.

“எத்தன நேரம்மா புடிச்சிருந்தான்?”

சொன்னேன்.